திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் குறைமாதச் சிசுக்களும்

காஞ்சிபுரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பாதையில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்கு எழுந்தருளியிருக்கும் வேங்கடேசப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோர் பலர். கோயிற் சுவரில் 55 நீண்ட வரிகளிற் பொறிக்கப்பெற்றுள்ள வீரராஜேந்திர சோழனது சாசனத்தை நின்று பார்ப்போர் மிகச் சிலரே. 1063 முதல் 1070 வரை அரசாண்ட அம்மன்னனுடைய காலத்தில், அக்கோயிலைச் சார்ந்து ஒரு வேத பாடசாலையும், மாணாக்கர் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயர் பூண்ட ஓர் ஆதுலர்சாலையும் நடைபெற்றன என்பதை அச்சாசனத்தால் அறிகிறோம். ஆதுலர்சாலை என்பது நாம் இன்று ஆஸ்பத்திரி என்று வழங்குவதே. அதில் 15 படுக்கைகள் இருந்தன. ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி அளக்கப்பட்டது. ஓராண்டுக்கு வேண்டிய மருந்துகள் முன்கூட்டியே சேமித்து வைக்கப்பட்டன. இரவில் எரிய ஒரு விளக்குக்கும் ஏற்பாடு இருந்தது.

நமது முன்னோர் வைத்தியசாலை நடத்தினார்கள் என்று பெருமை பேசுவதோடு இவ்விஷயத்தை முடித்துவிடுவோர் உண்டு. நாம் பார்க்க விரும்புவது அதன் சம்பளக் கணக்கை. வைத்தியராகிய கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அவை தவிர நிலமும் கொடுக்கப்பட்டன. சல்லியக்கிரியை, அதாவது ரண சிகிச்சை, செய்பவருக்கு 30 கலம். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து சமைக்க உதவிய ஆட்கள் இருவருக்கும் சேர்த்து 60 கலமும் 2 காசும். நோயாளரின் அருகிலிருந்து பணிவிடை செய்து மருந்தூட்டிய பெண்கள் இருவருக்கும் சேர்த்து 30 கலமும் 1 காசும். ஆகவே தாதி ஒருத்திக்கு வருஷத்துக்கு 15 கலமும் அரைக் காசுமே கிடைத்தது. பச்சிலை பறித்து வருபவன் பெற்றதிற் பாதி. வைத்தியர் பெற்ற நெல்லில் ஆறில் ஒரு பங்கு. பதினைந்து படுக்கைக்கு இரண்டு பெண்கள். பகலில் இன்னார், இரவில் இன்னார் என்று முறை வகுத்ததாகச் சாசனம் சொல்லவில்லை. விளக்கெரிந்த அவ்விரவுகளில் யார் விழித்திருந்தார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இதையும் மறைக்காமற் கூறிவிடுகிறோம். அவ்வாதுலர்சாலை பாடசாலையிலும் கோயிலிலும் இருந்தவர்களுக்காக ஏற்பட்டது. பிறந்த குழந்தைகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மாதம் நிரம்பாமற் பிறந்த சிசு அக்காலத்தில் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. நம் நாட்டில் மட்டுமல்ல, உலகில் எங்கும் அதுவே வழக்கம். எனினும் எத்தனை படுக்கைக்கு எத்தனை தாதியர், அவர்களுக்கு என்ன ஊதியம் என்று அச்சாசனம் கணக்கிட்டு வைத்த கேள்வி, இன்று முற்றிலும் புதியதொரு வார்டில் வந்து நிற்கிறது. அதுவே குறைமாதத்திற் பிறந்த சிசுக்களையும் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளையும் வைத்துக் காக்கும் தீவிர சிகிச்சை வார்டு.

முப்பத்தேழு வாரம் நிரம்பாமற் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கின்றனர். 2020-ம் வருஷத்தில் உலகில் அவ்வாறு பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். அவற்றுள் சுமார் 30 லட்சம் நமது இந்தியாவில். சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அதே வருஷத்தில் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28, ஒரு வயது நிரம்புமுன் மாண்டன. தமிழ்நாட்டில் அத்தொகை 13. இது நாம் மகிழத் தக்கதே. ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒன்பது, பிறந்த 28 நாட்களுக்குள் இறந்தவை. அம்மை, பேதி, கக்குவான் முதலியவற்றால் வளர்ந்த குழந்தைகள் மாளுவதைத் தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் பெரிதும் குறைத்துவிட்டன. எஞ்சி நிற்பது முதல் மாதத்து மரணம். அதைக் குறைக்க வேண்டுமானால் அந்த வார்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிகளும் மின்விளக்குகளும் சுவாச யந்திரங்களும் நிறைந்த அறையைக் கண்ணுற்ற எவரும், குழந்தையைக் காப்பது யந்திரமே என்று எண்ணுவது இயல்பு. திறப்பு விழாக்களிற் பேசுவோரும் யந்திரத்தின் விலையையே கூறுவர். அந்த யந்திரங்களின் சரித்திரமோ வேறு விதமாக இருக்கிறது. 1880-ல் பாரிஸ் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்தெபான் தார்னியே என்னும் டாக்டர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துச் சிசுக்களுக்குச் சூட்டுப்பெட்டி அமைத்தார் என்பதைப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவ்வாஸ்பத்திரியின் தலைமை மருத்துவச்சியாயிருந்த ஆன்ரி அம்மையார், 1893-ல் பலவீனச் சிசுக்களுக்கென்று தனி விடுதியொன்றை ஏற்படுத்தினார் என்பதை எழுதியவர் குறைவு. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1920-களில் தொடங்கிய குறைமாதச் சிசு நிலையத்தில் டாக்டர் ஜூலியஸ் ஹெஸ் என்பவருக்கு இணையாக நின்றவர் எவலின் லண்டீன் என்னும் நர்ஸ். 1941-ல் அவ்விருவரும் சேர்ந்து எழுதிய நூலின் பெயரிலேயே வைத்தியத்துக்குப் பக்கத்தில் தாதித் தொழிலும் இடம் பெற்றது.

இன்னொரு வரலாற்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். 1956-ம் வருஷம் கோடை காலம். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த ராச்பர்டு ஆஸ்பத்திரியில் குறைமாதச் சிசு வார்டின் தலைமைத் தாதியாக வார்டு என்னும் அம்மையார் இருந்தார். வெதுவெதுப்பான நாட்களில் அடைபட்ட அறையைவிட வெளிக்காற்று நல்லது என்று கருதி, உடல் தேறிய சிசுக்களை முற்றத்துக்கு எடுத்துச் சென்று வெயிலில் வைத்து, டாக்டர்கள் வருமுன் உள்ளே கொண்டுவந்து விடுவார். ஒரு நாள் டாக்டர்கள் சுற்றிவரும்போது ஒரு சிசுவின் துணியை விலக்கிக் காட்டினார். உடல் முழுவதும் வெளிறியிருக்க, முக்கோண வடிவான ஓரிடம் மட்டும் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. என்ன மருந்து பூசினாய் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் பூசவில்லை, துப்பட்டியின் ஓரம் மூடியிருந்த இடம் அது, மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் நீங்கியிருக்கிறது என்றார் அம்மையார். அதன்பின் மஞ்சட்காமாலைச் சிசுவின் ரத்தம் அடங்கிய கண்ணாடிக் குழாயொன்று ஜன்னலோரத்தில் வெயில்பட இருந்துவிட, அதில் மஞ்சட்பொருளின் அளவு மிகக் குறைந்திருந்ததைக் கண்டனர். டாக்டர் கிரீமரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1958-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் காமாலைச் சிசுக்களின்மேல் பாய்ச்சப்படும் நீலவொளி இவ்வாறு பிறந்தது. அளவறியாத வெயில் அதற்கு ஈடாகாது என்பதையும், முதல் நாளிலேயே மஞ்சள் காணும் குழந்தையை வாசலில் வெயில் காட்டிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம். அந்த முக்கோண மஞ்சளைக் கண்டது எந்தக் கருவி? தினந்தோறும் துணி மாற்றிய ஒருத்தியின் கண்.

அத்தகைய கண்ணுக்கு இந்த வார்டில் ஒவ்வொரு மணி நேரமும் வேலை உண்டு. ஒரு கிலோ எடையுள்ள சிசுவின் உடலிலுள்ள ரத்தம் மொத்தம் 80 அல்லது 90 மில்லிலிட்டர். ஒரு சிறு டம்ளர் அளவு. பரிசோதனைக்கென்று சிறிது சிறிதாக எடுத்தாலே சோகை வந்துவிடும். எடுத்த ஒவ்வொரு துளியும் கணக்கில் ஏற வேண்டும். உடற்சூடு 36.5 டிகிரிக்குக் கீழிறங்கலாகாது, 37.5-க்கு மேலேறவும் கூடாது. முப்பத்து நான்கு வாரம் ஆகாத சிசு சிற்சில வேளை மூச்சு விடுவதையே மறந்துவிடும். அப்போது உள்ளங்காலை மெல்லச் சுண்டி அதற்கு மூச்சை நினைவூட்டுபவள் தாதி. யந்திரம் மணியடிக்கும், சுண்டும் விரல் அதற்கில்லை. ஒரு குழந்தையைத் தொட்ட கை கழுவப்படாமல் அடுத்த குழந்தையைத் தொட்டால், சூட்டுப்பெட்டியும் சுவாசக் கருவியும் சேர்ந்து காத்த உயிரை ரத்தத்தில் ஏறிய விஷம் ஒரே இரவில் கொண்டுபோய்விடும். எட்டுக் குழந்தைகளுக்கு ஒருத்தி என்று விட்டால், எட்டுத் தடவையும் அரை நிமிஷத்துக்குக் குறையாமற் கை கழுவ அவளுக்கு நேரம் எங்கிருந்து வரும்?

பிராணவாயுவைப் பற்றி ஒரு வார்த்தை. 1940-களில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் குறைமாதச் சிசுக்களுக்குத் தாராளமாகப் பிராணவாயு கொடுத்தனர். பல உயிர்கள் பிழைத்தன. உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் குருடாயின. வாயு மிகுதியே கண்ணின் உட்திரையைக் கெடுத்தது என்பது 1953-54-ல் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பல கூடி நடத்திய சோதனையில் உறுதியாயிற்று. பயந்துபோய் வாயுவைக் குறைத்தபோது இறப்பு மிகுந்தது. இன்று 90-க்கும் 95-க்கும் இடையே ரத்தத்தில் பிராணவாயு நிற்க வேண்டும் என்பது பொது விதி. பார்க்க வந்த தகப்பனார் திரையில் 100 என்ற எண்ணைக் கண்டு மகிழ்வார்; தேர்ந்த தாதியோ அதே எண்ணைக் கண்டு திடுக்கிட்டு வாயுவின் திருகைக் குறைப்பாள். இந்த அறிவு ஒரு வார வகுப்பில் வருவதன்று.

கண் கெட்டால் என்னவாகும் என்பதற்கு நமது மாகாணத்திலேயே சாட்சி இருக்கிறது. 1996-ல் சென்னை எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரியில் குறைமாதத்திற் பிறந்த பெண் குழந்தையொன்று பிழைத்து வீடு சென்றது. அதன் கண்களைச் சோதிக்க வேண்டும் என்பது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிய வந்தபோது பார்வை போயிருந்தது. பல வருஷ வழக்குக்குப் பின், 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்தது. தவறியது யந்திரமன்று. சொல்ல வேண்டிய ஒரு சொல் சொல்லப்படவில்லை.

உணவு விஷயத்தில் நம் நாட்டுப் பொருளொன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருங்கே கூடிவராத சிசுவுக்கு முதலிற் குழாய் வழியாகத் தாய்ப்பால் சொட்டுச் சொட்டாக இறக்குவர். சற்றுத் தேறியதும், நமது பாட்டிமார் சங்கு என்றும் பாலாடை என்றும் கூறும் மூக்கு நீண்ட சிறு பாத்திரத்தால் ஊட்டுவர். புட்டிப்பாலைவிட இது மேல் என்று கண்டு, ஆங்கில வைத்தியப் பத்திரிகைகளும் ‘பாலாடை’ என்ற பெயரையே அப்படியே எழுதுகின்றன. வீட்டில் கழுவாத சங்கில் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் புகட்டியதற்கும், வார்டில் கொதிநீரிலிட்ட பாலாடையில் அளந்து ஊட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பாத்திரத்தில் இல்லை. தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் பிற தாய்மாரின் பாலைச் சோதித்துக் காய்ச்சி வைக்கும் வங்கிகளும் இப்போது உண்டு. பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் 1989-ல் முதன்முதல் தோன்றிய அவ்வேற்பாடு, பின்னர் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் பரவியது.

சூட்டுப்பெட்டியே போதாத இடத்தில் பிறந்த உபாயம் இன்னொன்று. தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் போகோட்டா நகரில், 1978-ல், பெட்டிகள் பற்றாமையால் டாக்டர் எட்கார் ரே என்பவர் சிசுவைத் தாயின் மார்போடு மார்பாகத் துணியால் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு முறை என்று இதற்குப் பெயர் வந்தது. ஏழைகளுக்கு ஏற்ற மாற்று என்றே வெகுகாலம் எண்ணியிருந்தனர். இந்தியா உட்பட ஐந்து தேசங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி, ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட சிசுக்களைப் பிறந்தவுடனே தாயின் மார்பில் சேர்த்தால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. தேறிய பின் சேர்ப்பதைவிட உடனே சேர்ப்பது மேலென்று கண்டதால் அச்சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டனர். இதற்கு வேண்டியது வார்டுக்குள்ளே தாய்க்கு ஒரு படுக்கை. பெற்றவளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுக் குழந்தையைப் பெட்டியிலிட்டுப் பூட்டும் பழக்கம் எங்கே மிஞ்சியிருந்தாலும் அது ஒழிய வேண்டும். அறுவை செய்து இரண்டு நாளாகாத தாயின் மார்பில், குழாய்களோடு கூடிய சிசுவை நழுவாமற் கட்டிவைக்கவும் ஒரு தாதி பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பச்சிளங்குழந்தைகளின் விசேஷ வார்டுகளுக்கு இந்திய சர்க்கார் வகுத்த விதி, ஒவ்வொரு முறையிலும் மூன்று அல்லது நான்கு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது. சுவாச யந்திரத்தில் இருக்கும் குழந்தைக்கு ஒருத்தியே முழுதும் வேண்டும். பன்னிரண்டு படுக்கைக்கு முறைக்கு மூவர். மூன்று முறைக்கு ஒன்பதின்மர். விடுமுறைக்கும் நோய்க்கும் ஈடு செய்தால் பன்னிருவர். படுக்கை பன்னிரண்டிலும் ஒரு குழந்தைதான் இருக்கும் என்பது இக்கணக்கின் அஸ்திவாரம். சுற்றுப்புறத் தாலுகாக்களிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும் ஜில்லா ஆஸ்பத்திரியில் அந்த அஸ்திவாரம் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஊதியத்தைப் பாருங்கள். 2015-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த முறையில் எடுத்தபோது மாதம் 7,700 ரூபாய் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினர். பின்னர் 14,000 ஆகவும், அதன்பின் 18,000 ஆகவும் அத்தொகை உயர்ந்தது. அதே வேலையை அதே வார்டில் செய்த நிலையான செவிலியர் பெற்றதில் அது பாதிக்கும் குறைவு. திருமுக்கூடற் சாசனத்தில் மூலிகை பறிப்பவனுக்கும் தாதிக்கும் இடையே இருந்த அரைப்பங்கு, இங்கே தாதிக்கும் தாதிக்கும் இடையே வந்து நின்றது. சர்க்காருக்குப் பணமுடை உண்டென்பதை நாம் அறியாமலில்லை. ஆனால் குறைமாதச் சிசுவின் நரம்பில் ஊசி ஏற்றக் கை பழகுவதற்கு மாதங்கள் ஆகின்றன. பழகிய கை, நிலையான வேலை கிடைத்தவுடன் வேறு ஊருக்கும், வளைகுடா நாடுகளுக்கும், இங்கிலாந்துக்கும் போய்விடுகிறது. நிலையான செவிலியரையும் விட்டுவைப்பதில்லை. மூன்று மாதம் சிசு வார்டு, பிறகு அறுவை வார்டு, பிறகு காய்ச்சல் வார்டு என்று சுழற்றும் வழக்கத்தால், கற்றவள் போகிறாள், கல்லாதவள் வருகிறாள். யந்திரம் வாங்கிய பணத்தின் பயனும் அவளோடு போகிறது. சிசு வார்டில் தேர்ந்தவரை அங்கேயே நிறுத்தி, அத்தேர்ச்சிக்கென்று தனிப்படி கொடுத்தால் செலவு மிஞ்சுமேயன்றிக் கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

செவிலி என்ற சொல் நமது பழைய இலக்கியங்களில் வளர்ப்புத் தாயைக் குறிப்பது. ‘நர்ஸ்’ என்பதற்குத் தமிழ் தேடியவர்கள் அதை எடுத்துக்கொண்டபோது, காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுப்பவளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டோர் இருந்திருக்கலாம். சிசு வார்டில் அச்சொல் தன் பழம்பொருளோடு பொருந்திவிட்டது. பெற்றவள் மயக்கம் தெளிந்து முகம் பார்க்குமுன் அக்குழந்தையை ஏந்தியவள் அவளே.

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பிய பின் உள்ள காலம் இன்னும் கவலைக்குரியது. காஞ்சிபுரத்தைச் சுற்றிய நெசவாளர் வீடுகளில் குழித்தறி இருக்கும் அறையே பெரும்பாலும் வீட்டின் பெரிய அறை. தாய்க்கும் தறி வேலையிற் பங்குண்டு. பாவு சுற்றவும் தார் சுற்றவும் அவள் கை வேண்டும். இரண்டு கிலோ எடைகூட எட்டாத குழந்தையோடு அவள் திரும்பும்போது, நாளில் பல மணி நேரம் மார்போடு அணைத்திருக்கச் சொல்லி அனுப்புகிறோம். அது நடக்க வேண்டுமானால், தகப்பனாரும் பாட்டியும் மாற்றி மாற்றி அவ்வாறு அணைக்கலாம் என்பதை வார்டிலேயே அவர்களை அழைத்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளை மார்பிலும் சூடு உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியர் முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போய் எடை பார்க்க வேண்டும்.

அனுப்பும் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைந்து பிறந்த குழந்தைக்கும் பிறந்த நான்கு வாரத்துக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறியவற்றுக்கு அதற்கும் முன்பே. அந்தத் தேதியையும், எந்த ஊரில் எந்த டாக்டரிடம் செல்வதென்பதையும், சீட்டின் தலைப்பிலேயே தமிழிற் பெரிய எழுத்தில் எழுதி, தாய்க்கு ஒரு தடவையும் பாட்டிக்கு ஒரு தடவையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் குழந்தையைக் கையிற் கொடுக்க வேண்டும். அதை வாசித்துக் காட்ட ஒரு செவிலிக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷமும் அவளுக்குக் கிடைக்கும்படி வார்டில் ஆட்களை நியமிப்பது சுகாதார இலாகாவின் பொறுப்பு.